கண்ணுக்குத் தெரியாத சரிவு

கொல்லிமலையில் வாசலூர்பட்டி படகு இல்லத்தில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுற்றிலும் மேடு, நடுவே பள்ளம். அந்த மலையின் அய்யாறு வழி தெரியாமல் திணறியதே இல்லை. ஆகாய கங்கை அருவியில் 300 அடி குதித்துப் போய்க்கொண்டே இருக்கிறது.

சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நகரின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அப்போதுதான் பலருக்குத் தங்கள் தெரு பள்ளத்தில் இருப்பதே தெரிந்தது. அரை அடி உயரம் போதும், தண்ணீர் வாசற்படியோடு நிற்குமா, கட்டிலுக்கடியில் வருமா என்று முடிவாகிவிடும்.

வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்க, அந்த அரை அடியைக் கணினிக்கு எப்படிக் காட்டுவது? கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார். ஊர் முழுக்க அப்படிப் பார்க்க முடியாது. அதனால் விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தரையின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். பிறகு நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் உள்ள நீரில் எவ்வளவைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளும் என்பதைக் கணினி நொடிக்கு நொடி கணக்குப் போடும். திரையில் தெருவும் வீடும் முப்பரிமாணத்தில் எழும்ப, நீலம் மெல்ல ஏறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலிருந்து வரும் லேசருக்குப் பாலத்தின் முதுகுதான் தெரியும், கீழே ஓடும் கால்வாய் தெரியாது. அப்படியே விட்டால் கணினி பாலத்தை அணை என்று நினைத்து, இல்லாத ஏரியொன்றைத் தேக்கிவிடும். யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு பாலத்தையும் திரையில் 'வெட்டித்' திறந்துவிட வேண்டும். எனக்கென்னவோ சமன்பாடுகளைவிட இந்தப் பொறுமைதான் பெரிய வேலையாகப் படுகிறது.

மழை கொட்டும்போது உட்கார்ந்து கணக்குப் போட நேரமும் இருக்காது. 2019-இல் சென்னைக்கு வந்த 'சி-ஃப்ளோஸ்' வெள்ள எச்சரிக்கை அமைப்பு அதற்கு ஒரு வழி கண்டது. மும்பை ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து செய்த அமைப்பு அது. மழை, ஆற்று நீர், கடலின் ஏற்றவற்றம் எனப் பலவாறாகச் சேர்த்து 796 வெள்ளக் காட்சிகளை முன்கூட்டியே கணித்து வைத்தார்கள். வானிலை முன்னறிவிப்பு வந்ததும் அதற்கு நெருங்கிய காட்சியை எடுத்துப் பார்த்தால், எந்த வார்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துவிடும்.

ஆனால் தரை சும்மா இருப்பதில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே இன்னொரு தார் அடுக்கு போடுகிறார்கள். தெரு உயர, வீடு தாழ்கிறது. வீட்டுக்காரர் தன் பங்குக்கு வாசலில் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பூசிக்கொள்கிறார். மறுபடி அளக்கும்வரை, கணினியின் தெருவில் அந்தத் தாரும் இல்லை, செங்கல்லும் இல்லை.