பலப்பத்திற்கு முன் விரல்கள்

மூன்று வயதுக் குழந்தையின் கையில் பலப்பத்தைக் கொடுத்து, எழுத்து வடிவாக வரவில்லை என்று கடிந்துகொள்ளும் வழக்கம் பாலர் பள்ளிகள் பலவற்றில் உண்டு. குற்றம் குழந்தையினுடையதன்று. மணிக்கட்டிலுள்ள 8 சிற்றெலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகின்றன. கடைசி எலும்பு உருப்பெற 9 முதல் 12 வயதுவரை ஆகலாம். தசைகளிலும் தோள் முதலில் வசப்படும். விரல்நுனியின் நுட்பம் பின்னரே வரும்.

ஆகவே எழுத்துக்கு முன் விளையாட்டு வேண்டும். 1945-இல் போர்டி கிராமத்தில் குழந்தைக் கல்வி மையம் தொடங்கிய தாராபாய் மோடக், விலையுயர்ந்த சாதனங்களை நாடாமல், சுற்றுப்புறத்தில் கிடைத்த எளிய பொருள்களையே கற்பிக்கும் கருவிகளாக்கினார். களிமண் பிசைதல், பட்டாணி உரித்தல், பூத்தொடுத்தல் எல்லாம் விரல்களுக்குப் பயிற்சியே. புளியங்கொட்டைகளைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்து, குறுகிய வாயுள்ள புட்டியில் இடச் செய்யலாம். பின்னர் எழுதுகோலைப் பிடிக்க வேண்டிய விரல்கள் இவையே. ஆனால் மிகச் சிறு குழந்தைகள் கொட்டையை வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்வர். அவர்களுக்குக் களிமண்ணே போதும்.

அடுத்து, தட்டில் பரப்பிய மணலில் விரலால் கோடும் வட்டமும் வரையட்டும். சுண்ணக்கட்டியை முழுதாகக் கொடுத்தால் குழந்தை அதை முட்டிக்குள் அடக்கிப் பிடிக்கும். ஒரு அங்குலத் துண்டாக ஒடித்துக் கொடுத்தால் விரல்நுனியால் பிடிப்பதன்றி வேறு வழியில்லை. கண்மட்டத்தில் சுவரில் மாட்டிய பலகையில் வரைந்தால், மணிக்கட்டும் எழுதுவதற்கேற்ற நிலையில் தானே நிமிரும்.

பள்ளியில் சேர்ந்து ஓராண்டான பின்பும் பொத்தான் போடவோ எழுதுகோல் பிடிக்கவோ இயலாத குழந்தையைச் சோம்பேறி என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.