இடுப்பு மூட்டு

இடுப்பு மூட்டு என்பது தொடையெலும்பையும் இடுப்பெலும்பையும் இணைக்கும் பந்துக் கிண்ண மூட்டு ஆகும். நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் எடையைக் கால்களுக்குக் கடத்துவது இதன் முதன்மைப் பணி.

அமைப்பு

இலியம், இசுக்கியம், பூப்பெலும்பு என்னும் மூன்று எலும்புகள் பதின்ம வயதில் ஒன்றிணைந்து ஒரே இடுப்பெலும்பாகின்றன. இம்மூன்றும் சேரும் இடத்தில் கிண்ணம் போன்ற குழி உள்ளது. தொடையெலும்பின் உருண்டையான தலை இக்குழிக்குள் பொருந்துகிறது. இரண்டின் பரப்பையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. குழியைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம் அதன் ஆழத்தைக் கூட்டுகிறது. மூட்டின் முன்புறம் இலியத்தையும் தொடையெலும்பையும் இணைக்கும் பிணைநார் உடலிலேயே மிக வலுவானது.

அசைவுகள்

தோள்மூட்டும் இதே வகையைச் சேர்ந்தது. ஆயினும் அதன் குழி ஆழமற்றது. ஆகவே தோள் அதிகம் சுழலும், எளிதில் நழுவும். இடுப்பு மூட்டு குறைவாகச் சுழன்றாலும் உறுதியானது. காலை மடக்குதல், நீட்டுதல், அகற்றுதல், சேர்த்தல், உள்ளும் புறமும் திருப்புதல் ஆகியவை இதன் அசைவுகள். நாற்று நடக் குனியும்போதும் குந்தி உட்காரும்போதும் இம்மூட்டு பெருமளவு மடங்குகிறது.

குருதி ஓட்டம்

தொடையெலும்பின் தலையையும் தண்டையும் இணைக்கும் குறுகிய பகுதி கழுத்து எனப்படும். தலைக்குச் செல்லும் குருதிக் குழாய்களில் பெரும்பாலானவை இக்கழுத்தை ஒட்டியே செல்கின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுபடலாம். அப்போது தலைப்பகுதி குருதியின்றி இறந்துபோகும் வாய்ப்புண்டு.

கழுத்து முறிவு

எலும்பு அடர்த்தி குறைந்த முதியோர், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், குளியலறையில் வழுக்கி விழுவது போன்ற சிறு விபத்திலேயே இம்முறிவுக்கு ஆளாகின்றனர். இடுப்பில் வலி, எழுந்து நிற்க இயலாமை, கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு விலகல் இன்றி முறிவதால் வலியுடன் நடக்கவும் முடியும். அதனால் இது வெறும் சுளுக்கு எனக் கருதப்படுவதுண்டு. எண்ணெயிட்டு நீவுவதோ காலை இழுத்துக் கட்டுவதோ கூடாது. அது முறிவை மேலும் விலகச் செய்யலாம். காலை அசைக்காமல் 108 அவசர ஊர்தியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊடுகதிர்ப் படம் எடுக்க வேண்டும்.

சிகிச்சை

இளையோருக்குப் பொதுவாகத் திருகாணிகளால் முறிவு பொருத்தப்படுகிறது. விலகிய முறிவுள்ள முதியோருக்குப் பெரும்பாலும் செயற்கை மூட்டு வைக்கப்படுகிறது. இன்றைய முழு மூட்டு மாற்று முறைக்கு 1960-களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி அடித்தளமிட்டார். நெடுநாள் படுக்கையில் கிடந்தால் படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி, குருதி உறைவு ஆகியவை உயிரையே பறிக்கலாம். எனவே விரைவில் அறுவை செய்து, நோயாளியை எழுப்பி நடக்கவைப்பதே இச்சிகிச்சையின் நோக்கமாகும்.