தம்பி அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர் தினமும் கிராஷ்... 3,800 ரூபாய் வீணான பிறகு சிக்கிய குற்றவாளி!

அப்பா சீட்டு எடுத்த பணம், 62 ஆயிரத்துச் சொச்சம். விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் தம்பிக்கு வீடியோ எடிட் செய்ய கம்ப்யூட்டர் வேண்டும். "ரெடிமேடா வாங்கினா இந்தக் காசுக்கு இவ்வளவு வேகம் கிடைக்காதுக்கா. நானே அசெம்பிள் பண்றேன்" என்றான். ஒரு சனிக்கிழமை முழுக்க ரிச்சி தெருவில் அலைந்து பாகங்களை வாங்கினோம். ஞாயிறு இரவு ஹாலில் பாய் விரித்து, யூடியூபை ஓடவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டினான். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. அம்மா கேபினட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்.

மூன்றாவது நாள் நீலத்திரை வந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது.

எடிட் செய்யும்போது மட்டுமல்ல, பிரவுசரைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கிராஷ் ஆனது. "அன்னைக்கே சொன்னேன், கம்பெனி ஐட்டமா வாங்குடான்னு" என்று அப்பா ஆரம்பித்தார். "கண்ணு பட்டுடுச்சு" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். தம்பி எதுவும் பேசவில்லை. குறும்பட சப்மிஷனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. எதையோ தப்பாக மாட்டிவிட்டோம் என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

எங்கள் முதல் தப்பு, விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேட்டைத் திறந்து அவசரப்பட்டது. ஒவ்வொரு கிராஷுக்கும் நேராக 'கெர்னல் பவர் 41' என்று இருந்தது. 'பவர்' என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ்தான் என்று முடிவு கட்டி, 3,800 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினோம். அன்று இரவே மறுபடியும் கிராஷ்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த 41-க்கு அர்த்தம், 'கடைசியாக கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை' என்பது மட்டும்தான். மூச்சு நின்றதால் இறந்தார் என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. மூச்சு ஏன் நின்றது என்று அதில் இருக்காது.

எஸ்.எம்.பி.எஸ் மீது சந்தேகமே வரக் கூடாது என்றில்லை. கேம் ஆடும்போதோ, வீடியோ ரெண்டர் ஆகும்போதோ, நீலத்திரைகூட வராமல் பட்டென்று அணைந்தால் அதையும் சூட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பிராசஸர் மேல் வைக்கும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிடுபவர்கள் நிறைய பேர். வீட்டில் தண்ணி மோட்டார் போடும்போதெல்லாம் அணைந்தால், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்களுடையது அப்படியில்லை. ரெண்டர் ஓடும்போதுகூட பிராசஸர் 70 டிகிரியைத் தாண்டவில்லை.

துப்பு கிடைத்தது நீலத்திரையில்தான். அதன் அடியில் ஒரு பிழைப் பெயர் வரும். படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் தம்பி மொபைலில் போட்டோ எடுத்து வைத்திருந்தான். (2025-ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11-ல் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது. நிறம்தான் மாறியது, வேதனை அதேதான்.) ஐந்து போட்டோக்களில் நான்கு வெவ்வேறு பெயர்கள். ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', மறுநாள் 'பேஜ் ஃபால்ட்', அதற்கடுத்து வேறொன்று. ஒரே டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். இப்படிக் கலந்துகட்டி வந்தால் ரேமைச் சந்தேகப்பட வேண்டும். எந்த சாஃப்ட்வேர் ஓடினாலும் அது ரேமில்தானே உட்கார வேண்டும்? கெட்டுப்போன இடத்தில் யார் வந்து உட்காருகிறார்களோ, அன்றைக்கு அவர் பெயர் வரும்.

இன்னொரு தடயத்தையும் நாங்கள் கோட்டை விட்டிருந்தோம். விண்டோஸை இரண்டாம் முறை இன்ஸ்டால் செய்தபோது, 'ஃபைல் கரப்ட்' என்று பாதியில் நின்றது. பென்டிரைவைத் திட்டினோம். அந்த ஃபைல்களும் ரேம் வழியாகத்தான் போகின்றன என்று தோன்றவே இல்லை.

ரேம் டப்பாவில் 3200 என்று போட்டிருக்கும். ஆனால் மாட்டியதும் பல ரேம்கள் 2400 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடும். முழு வேகம் வேண்டுமென்றால் பயாஸில் எக்ஸ்.எம்.பி என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். யூடியூப் அண்ணன்கள் எல்லோரும் முதல் வேலையாக அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள், தம்பியும் செய்திருந்தான். உண்மையில் அது ஓவர்கிளாக்கிங். எல்லா போர்டும் பிராசஸரும் அதைத் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. புது கம்ப்யூட்டர் அடிக்கடி கிராஷ் ஆனால் காசு செலவழிக்கும் முன் அதை ஆஃப் செய்து பாருங்கள். பலருக்கு அதோடு பிரச்னை தீர்ந்துவிடும்.

எங்களுக்குப் பாதி தீர்ந்தது. தினமும் வந்த கிராஷ் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆனது. "சரியாயிடுச்சுக்கா" என்று ஒரு வாரம் ஏமாந்தோம்.

கடைசியில் 'மெம்டெஸ்ட்86' என்ற இலவச சாஃப்ட்வேரை பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிட்டோம். விண்டோஸ் தொடங்கும் முன்பே ரேமை மூலைமுடுக்கெல்லாம் எழுதிப் படித்துச் சோதிக்கும். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் அது 'எல்லாம் சரி' என்று சொல்லியிருந்தது. காலையில் பார்த்தால் திரை நிறைய பிழைகள். இந்தச் சோதனையில் பாஸ் மார்க் பூஜ்யம். ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான்.

இரண்டு 8 ஜி.பி ரேம்களையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் மாட்டிச் சோதித்தோம். முதல் ரேம் சுத்தம். இரண்டாவதில் பிழை. அதை வேறு ஸ்லாட்டில் மாட்டினோம், அங்கேயும் பிழை. ஆக, ஸ்லாட்டும் போர்டும் தப்பித்தன, ரேம் மாட்டிக்கொண்டது. தம்பி மாட்டியதில் எந்தத் தப்பும் இல்லை.

அரிதாக, பிராசஸரே காரணமாக இருப்பதும் உண்டு. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் கோளாறால் கிராஷ் ஏற்படுவதை 2024-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, வாரன்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்துவிடுவது நல்லது.

பில்லோடு கடைக்குப் போனோம். "ஜோடியா வந்த கிட், ரெண்டையும் குடுத்தாதான் மாத்துவாங்க தம்பி" என்றார் கடைக்காரர். எத்தனை நாளாகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. தம்பி யோசித்தான். நல்ல ரேம் ஒன்றை மட்டும் மாட்டி, 8 ஜி.பி-யில் திக்கித் திணறி குறும்படத்தை முடித்து, சப்மிட் செய்த மறுநாள் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தான். 11 நாளில் புது ஜோடி வந்தது. அதற்குப் பிறகு நீலத்திரை வரவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு அங்கிளிடம் அப்பா, "நம்ம பையனே மாட்டினது" என்று கேபினட்டைத் தட்டிக் காட்டினார்.

எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டோமாம். யாருக்காவது தேவையென்றால், எங்கள் வீட்டுப் பரணில் ஒன்று சும்மா இருக்கிறது.