நேபாள மாந்திரிகன்

கொடியவன் ஒருவனைப் படத்தில் காட்ட முற்படுவோர் முதலில் பல்லும் நகமும் தேடுகின்றனர். விஜயா புரொடக்‌ஷன்ஸார் 1951-இல் வெளியிட்ட 'பாதாள பைரவி' அவ்வழி செல்லவில்லை. மதிர சுப்பண்ண தீட்சிதரின் 'காசி மஜிலி கதலு' என்னும் தெலுங்குக் கதைநூலைத் தழுவியது அது, இயக்கியவர் கே.வி. ரெட்டி. தமிழிலும் தெலுங்கிலும் வந்தமையால் சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்களில் பாட்டியும் பேரனும் ஆளுக்கொரு மொழியில் கண்டு களிக்கலாம்.

எஸ்.வி. ரங்காராவின் மாந்திரிகன் இனிக்கப் பேசியே தோட்டக்காரி மகனைப் பலிபீடம் வரை நடத்திச் செல்கிறான். சூழ்ச்சி வெளிப்பட்டு அவனே வெட்டுண்டு வீழ்கிறான். ஆயினும் சீடன் சஞ்சீவினி கொண்டு எழுப்பிவிடுகிறான்! ரங்காராவுக்கு அப்போது வயது 32-தான். தாடியும் குரலும் செய்த வேலை அது. நம் வீட்டுச் சிறுவர்களும் நாயகனை விட்டு மாந்திரிகனையே நடித்துக் காட்டுகின்றனர், நாமும் தடுப்பதில்லை.