முதலில் கேமரா, பிறகு வேலி

நீலகிரியின் மலைக்காய்கறித் தோட்டங்களுக்கு இரவில் வரும் விலங்குகள் பல. காட்டுப்பன்றி மூக்கால் பாத்தியைக் கிளறிப் போடும். முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டிக் கொறிக்கும். கடமான் தழையை மேயும். ஒன்றைத் தடுக்கும் வேலி மற்றொன்றைத் தடுக்காது. ஆகவே, வருவது எது, எவ்வழியே வருகிறது என்பதைத் தானியங்கிக் கேமராவால் அறிந்த பிறகே வேலிக்குக் குழி எடுக்க வேண்டும்.

முதல் வேலை தடம் பார்ப்பது. மண்ணின் ஈரம் காய்வதற்குள் எல்லையைச் சுற்றி வந்து, குளம்படி, எச்சம், உதிர்ந்த முள், படிந்த புல் ஆகியவை தென்படும் இடங்களில் குச்சி நட வேண்டும். குச்சிகள் நெருங்கி நிற்கும் இடமே நுழைவாயில்.

அடுத்து, கேமராவை ஆயத்தம் செய்வது. ஒரே வகையைச் சேர்ந்த புதிய பேட்டரிகளும் 32 ஜிபி மெமரி கார்டும் போதும். கார்டை அழித்து, தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, ஒரு தூண்டலுக்கு மூன்று படம் என அமைக்க வேண்டும். அகச்சிவப்பு விளக்கில் 850 நானோமீட்டர் வகை மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தொலைவு குறைவு. தடத்துக்கு அருகில் வைப்பதால் பின்னதே ஏற்றது. மூடுபனிக் காலத்தில் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுவது நல்லது.

கேமராவை அசையாத சில்வர் ஓக் மரத்தில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில், தடத்துக்கு 3 முதல் 4 மீட்டர் தள்ளி இறுகக் கட்ட வேண்டும். முகப்பு வடக்கு நோக்கியிருந்தால் வெயில் நேரே விழாது. உணரி, நகரும் உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் தூண்டப்படுவது. எதிரே நேராக வரும் விலங்கைவிடக் குறுக்கே கடப்பதை விரைவாகப் பிடிக்கும். அதனால் தடத்துக்குச் சாய்வாக வைப்பதே சரி. வெயிலில் சூடேறிக் காற்றில் ஆடும் புல்லும் அதைத் தூண்டும் என்பதால் முன்னால் உள்ளதை அறுத்துவிட வேண்டும்.

பின்னர் சோதனை. 10 செ.மீ.க்கு ஒரு கோடு இட்ட கழியைத் தடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டு, கழியை அகற்ற வேண்டும். விலங்கின் உயரத்தைப் பின்னர் அளக்க அதுவே அளவுகோல். அடுத்து, குனிந்து தடத்தில் நடந்து, உணரி விழிப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துக் கார்டை எடுத்து, விலங்கு, நேரம், வந்த திசை என மூன்று பத்தியாகக் குறிக்க வேண்டும். வேலியின் வடிவம் இந்தக் குறிப்பிலிருந்தே பிறக்கிறது.

முள்ளம்பன்றியானால், துத்தநாகம் பூசிய பற்றுவைத்த கம்பி வலையை 30 செ.மீ. புதைத்து, அடிவிளிம்பை வெளிப்புறமாக மடக்க வேண்டும். பன்றியானால், 25, 50 செ.மீ. உயரங்களில் இரண்டு சூரிய மின்வேலிக் கம்பிகள். ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை துடிப்பாய் மின்சாரம் விடும் கருவியையே இணைக்கலாம்; வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைப்பது உயிர்க்கொலை. காப்புக்காட்டை ஒட்டிய நிலமானால், 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விதிகளின்படி வனத்துறையின் முன் அனுமதி தேவை. கடமானானால், வலை சுமார் 2.4 மீட்டர் உயர வேண்டும்.

வேலி முடிந்ததும் கேமராவை அதே மரத்தில், அதே உயரத்தில் மீண்டும் கட்ட வேண்டும். வெளியே நின்று திரும்பும் விலங்கு படத்தில் வந்தால் அளவுகள் சரி. உள்ளே வந்திருந்தால், எந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்பதையும் அந்தப் படமே காட்டிவிடும்.