சுக்கான் ஏன் நடுங்குகிறது?

காய்ச்சல் என்று ஒருவர் வந்தவுடன் மருந்துக் குப்பியை எடுத்து நீட்டுபவர் நல்ல வைத்தியர் அல்லர். காய்ச்சல் எப்பொழுது ஏறுகிறது, எப்பொழுது தணிகிறது, குளிருடன் வருகிறதா என்று வினவிய பின்னரே அவர் மருந்தைப் பற்றி எண்ணுவார். மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும் என்பதைச் சிறிது பணத்தையும் பெரிய அச்சத்தையும் விலையாகக் கொடுத்தே நாம் கற்றுக்கொண்டோம்.

கொட்டாவையிலிருந்து காலி வரையான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீற்றர் வரை செல்ல அங்கே இடமுண்டு. ஊர்த் தெருக்களில் மறைந்திருக்கும் குறைகள் அந்த வேகத்தில் வெளிப்பட்டுவிடும். நமது வண்டியும் அவ்வாறே தன் குறையை அங்கே காட்டியது. வேகம் 85ஐத் தொட்டதும் சுக்கான் கைகளில் நடுங்கும். 75க்குக் கீழே இறங்கினால் அடங்கிவிடும். கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். ஒரு கேள்வியும் கேளாமல் ரை றொட் முனைகளை மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். பணம் போயிற்று, நடுக்கம் போகவில்லை. நாளடைவில் அது நமக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதுதான் பெரும் பிழை.

சில மாதங்களின் பின் குடும்பத்துடன் கதிர்காமத்துக்குப் புறப்பட்டோம். அன்று காலை, நெடுஞ்சாலையில் ஏறுமுன்னரே, மெதுவாகச் செல்லும்பொழுதும் வண்டி நொண்டுவது போல இருந்தது. “பழைய நடுக்கந்தானே” என்று அலட்சியமாக இருந்துவிட்டோம். நெடுஞ்சாலையிலோ நடுக்கம் பொறுக்க முடியாததாயிற்று. வேகத்தை நன்கு குறைத்து, இடப்புறமாகவே ஊர்ந்து, வெலிப்பன்னை இளைப்பாறு நிலையத்தை அடைந்தோம். முன் இடப்பக்க ரயரைத் தடவிப் பார்த்தபொழுது உள்ளோரத்தில் உள்ளங்கையளவு வீக்கம் தட்டுப்பட்டது. உள்ளே இருக்கும் கம்பிப் படை இறப்பரிலிருந்து பிரிந்துவிட்டது. எந்நேரமும் வெடித்திருக்கக் கூடிய ரயர் அது. பின் ஆசனத்தில் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தோம். நமது கைகள் நடுங்கின.

கொழும்பு திரும்பிய பின் வேறொரு கராஜுக்குச் சென்றோம். அங்கிருந்த முதிய திருத்துநர் வண்டியைத் தொடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டார். “மாஸ்ரர், எந்த வேகத்தில் நடுங்குது? எந்த இடத்தில் தெரியுது? எந்தப் பெடலை மிதிக்கும்பொழுது?”

முதற் கேள்வியின் பொருளைக் காண்போம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தோன்றி, அதற்குக் கீழே அடங்கும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் சில்லின் எடைச் சமநிலை கெட்டதே காரணம். றிம்மின் ஓரத்தில் பொருத்திய சிறு ஈயக் கட்டி விழுந்திருக்கலாம். றிம்மின் உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கலாம். சிறிய கார் ஒன்றின் சில்லு 90 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 13 முறை சுழலும். அப்பொழுது றிம் ஓரத்தில் 30 கிராம் ஒருபுறம் மிகுந்தால், அது 4 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் சில்லை இழுக்கும். வேகம் பாதியானால் அவ்விசை நாலிலொன்றாகிவிடும். ஊஞ்சலை அதன் அசைவுக்கு இசையத் தள்ளினால் ஆட்டம் பெருகுவது போல, இவ்விழுப்பும் வண்டியின் இயல்பான அதிர்வுடன் இசையும் வேகத்தில்தான் சுக்கான் பெரிதும் நடுங்குகிறது. இதற்கு மாறாக, மெதுவாகச் செல்லும்பொழுதே வண்டி நொண்டினால் ரயரின் வீக்கத்தையோ வளைந்த றிம்மையோ சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி இடத்தைப் பற்றியது. நடுக்கம் சுக்கானில் தெரிந்தால் முன் சில்லுகளிலும், ஆசனத்திலும் தரையிலும் தெரிந்தால் பின் சில்லுகளிலும் குறை இருப்பது வழக்கம். ஐயமிருப்பின் முன் சில்லுகளைப் பின்னுக்கு மாற்றிப் பார்க்கலாம். நடுக்கமும் பின்னுக்குப் போனால் குற்றவாளி சில்லே.

மூன்றாவது, பெடல். பிறேக்கை மிதிக்கும்பொழுது மாத்திரம் நடுங்கினால் பிறேக் தட்டு சீரின்றித் தேய்ந்திருக்கலாம். அக்சிலரேற்றரை அழுத்தும்பொழுது நடுங்கி, காலை எடுத்தவுடன் நின்றால், சில்லுக்கு எஞ்சின் வலுவைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டைப் பார்க்க வேண்டும்.

நமது வண்டிக்கு இருந்தவை இரண்டு நோய்கள். வலப்பக்க முன் சில்லில் ஈயக் கட்டி விழுந்திருந்தது. அதுவே பழைய நடுக்கம். ரயரின் வீக்கம் பின்னர் வந்தது. முன்னதைப் பலன்ஸ் பார்த்துச் சிறு செலவில் தீர்த்தார்கள். வண்டி ஒருபக்கம் இழுப்பதையும் ரயர் ஓரந்தேய்வதையும் அலைன்மென்ட் தீர்க்கும். எடைச் சமநிலையை அது சரிசெய்யாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிற் பலர்.

வண்டி நடுங்கினால் வீட்டிலேயே செய்யத்தக்கவை சில உண்டு. முதலில் சில்லு நட்டுக்கள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். அண்மையில் சில்லைக் கழற்றிப் பூட்டியிருந்தால் இது மிக அவசியம். ரயர் சூடாறிய பின் காற்றை அளந்து, உள்ளோரம் வெளியோரம் இரண்டையும் கண்ணால் நன்கு பாருங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். வீக்கம் இருந்தாலோ, நட்டுத் தளர்ந்திருந்தாலோ, சுக்கானில் ஆட்டம் இருந்தாலோ திருத்தும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். நடுக்கத்தைச் சோதிப்பதற்காகச் சட்டம் விதித்த வேகத்தை மீறவும் வேண்டாம்.

ஆராய்ந்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும் என்று வகுப்பில் மாணவருக்கு நாள்தோறும் கூறுகிறோம். நமது சுக்கான் பல மாதங்களாக ஒன்றைக் கூறிக்கொண்டிருந்தது. ஒருநாள் வேறொன்றைக் கூறியது. அவ்வேறுபாட்டை நாம் கேட்கவில்லை. இப்பொழுது நமது வண்டிக்குள் ஒரு சிறு கொப்பி இருக்கிறது. புதிதாக எது தோன்றினாலும் வேகம், இடம், பெடல் மூன்றையும் அதில் எழுதி வைக்கிறோம். அதை எழுதுவது நமது மூத்த மகளின் பொறுப்பு.