உங்கள் நிலத்தில் ஆய்வுத் திட்டம்: திட்டத் தலைவரின் பொறுப்புகள்

நீலகிரியில் கிழங்கு பயிரிடும் விவசாயிகளிடம் ஆய்வுத் திட்டக்காரர்கள் வந்து பத்து சென்ட் இடம் கேட்பது புதிதல்ல. புது இரகம், புது மருந்து என்று ஏதாவது ஒன்றைச் சோதிக்க வேண்டும் என்பார்கள். இத்தகைய திட்டங்களுக்கு அரசோ வேறு நிறுவனமோ நிதி ஒதுக்குகிறது. நடத்துவதற்கு ஒரு திட்டத் தலைவர் இருப்பார். பணம், ஆள், பருவம், பதிவேடு ஆகிய நான்கையும் கட்டிக் காக்க வேண்டியவர் அவரே. அவர் எப்படிச் செயல்பட வேண்டும் என்பதை நிலம் கொடுப்பவரும் அறிந்திருப்பது நல்லது. நிலமும் ஒரு போகத்து உழைப்பும் உங்களுடையவை அல்லவா?

உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழுவையே எடுத்துக்கொள்வோம். 1961-இல் உதகமண்டலத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாக இது கண்டுபிடிக்கப்பட்டது. இதைத் தாங்கும் குப்ரி சுவர்ணா இரகம் 1985-இல் வெளியிடப்பட்டது. இடைப்பட்ட காலம் 24 ஆண்டுகள். ஆனால் ஆய்வுத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கே நிதி கிடைக்கிறது. ஒரு திட்டத்தில் எழுதி வைத்ததை அடுத்த திட்டத்தில் வருபவர் எடுத்துத் தொடர்ந்தால்தான் இப்படிப்பட்ட வேலை முடியும்.

முதலில் பணமும் பருவமும். அரசின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் அனுப்பி, அடுத்த தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகிவிடும். நமது கார்போக நடவோ ஏப்ரல், மே மாதங்களில். பணம் வந்தபின் விதைக்கிழங்கு வாங்கலாம் என்றிருந்தால் நடவு ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போகும். தென்மேற்குப் பருவமழையில் நட்ட பயிரில் பின்பருவ இலைக்கருகல் புகுந்துவிட்டால், மகசூல் குறைந்தது இரகத்தாலா நோயாலா என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு வருட ஆய்வு வீண். ஆகவே விதை, தொழு உரம், சாக்கு, அடையாளக் குச்சி எல்லாவற்றையும் பிப்ரவரிக்குள் வாங்கி வைப்பதே திறமையான தலைவரின் அடையாளம். திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதே போகக் கணக்கையும் அதில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது, நடவுக்கு முன் மண் மாதிரி. நூற்புழுவின் முட்டைக்கூடு கடுகைவிடச் சிறியது; ஒரு கூட்டில் 200 முதல் 500 முட்டைகள் இருக்கலாம். பயிரே இல்லாமல் 20 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். நடவுக்கு முன் எத்தனை கூடுகள், அறுவடைக்குப் பின் எத்தனை என்று இரண்டு முறையும் எண்ணினால்தான் சோதித்த இரகம் புழுவைக் குறைத்ததா பெருக்கியதா என்பது தெரியும். முதல் எண்ணிக்கை இல்லாத ஆய்வுக்கு முடிவும் இல்லை. மாதிரி எடுக்காமல் நட வருபவரைச் சற்று நிறுத்திக் கேளுங்கள்.

ஒப்பீட்டுப் பாத்தி பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம். மருந்தோ புது இரகமோ இல்லாத அந்தப் பாத்தியில் மகசூல் குறையத்தான் செய்யும். அந்த நட்டத்தைத் திட்டம் ஈடுசெய்யுமா, விளைந்த கிழங்கு யாருக்கு, கூலி யார் கொடுப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. பேசியவர் மாற்றலாகிப் போய்விட்டால் புதியவருக்கு அது தெரியாது.

உதவி ஆய்வாளர்கள் திட்டக் காலத்துக்கு மட்டும் நியமிக்கப்படுபவர்கள். நிலையான வேலை கிடைத்தால் நடுப்பருவத்திலும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குறிப்பேடும் கூடவே போவதுதான் கேடு. எந்தப் பாத்தியில் எந்த இரகம் என்ற வரைபடம் திட்ட அலுவலகத்தில் ஒன்று, விவசாயியின் வீட்டில் ஒன்று என இரு பிரதிகள் இருக்க வேண்டும். காகித அட்டை ஜூலை மழையில் ஒரு வாரம்கூடத் தாங்காது. தகரத் துண்டில் எண் பொறித்துக் கட்டுவதே மேல்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நூற்புழு தானாக அதிக தூரம் நகராது. மண்ணோடும் கிழங்கோடும் மண்வெட்டியோடும் காலணியோடும்தான் போகிறது. ஒரே நாளில் ஐந்து ஊர்களில் மாதிரி எடுக்கும் திட்டக்காரர்களே அதைப் பரப்பிவிடக்கூடும். ஒவ்வொரு நிலத்தை விட்டுப் புறப்படும் முன்பும் கருவிகளையும் காலணிகளையும் அங்கேயே கழுவ வேண்டும். வண்டியில் தண்ணீர்க் குடமும் தூரிகையும் வைத்திருக்க ஆகும் செலவு மிகக் குறைவு. 2018-இல் இமாசலப் பிரதேசம், உத்தரகாண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய இடங்களிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்ல மத்திய அரசு தடை விதித்தது இந்த நூற்புழுக்களால்தான். மலைக்கு மலை தாவ அதற்கு ஒரு மூட்டை விதையே போதும்.

திட்டம் முடியும்போது தலைவர் அறிக்கை எழுதி நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்புவார். அதோடு, உங்கள் நிலத்தின் இரு எண்ணிக்கைகளையும் பாத்திவாரியான மகசூலையும் தமிழில் எழுதி உங்களிடமும் தரச் சொல்லுங்கள். அடுத்த கார்போகத்தில் மீண்டும் கிழங்கு நடுவதா, முட்டைக்கோசோ காரட்டோ பீன்சோ போட்டு நிலத்தை மாற்றுவதா என்று முடிவெடுக்க அந்தத் தாள் உதவும். வெளியிடப்படாத இரகத்தின் கிழங்குகள் மீந்திருந்தால் விதைக்கென்று அண்டை நிலத்தாருக்குக் கொடுக்காமல் திட்டத்தாரிடமே எண்ணி ஒப்படைத்துவிடவும்.